குடையும் கல் கிண்ணமும்

பெருமதிப்பிற்குரிய நகராட்சித் தலைவர் அம்மா அவர்களே, நூலகர் ஐயா அவர்களே, தேநீர்ச் செலவை ஏற்ற வணிகர் சங்கத் தலைவர் அவர்களே! போன வருடம் இவர் பேரைச் சொல்ல விட்டுப்போய்விட்டது. மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதனால் இந்த முறை முதலிலேயே ஒரு தனி வணக்கம்.

ஒரு பழைய கல் கிண்ணத்தைப் பற்றி மூன்று விஷயம் சொல்லப் போகிறேன். கிண்ணத்தைச் செய்தது யார், யார் யார் கைக்குப் போனது, எப்படி உடைந்தது.

இத்தாலியில் நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது ஃபர்னேசே கிண்ணம். அடுக்கடுக்காக நிறம் மாறும் அகேட் என்ற கல், அதில் ஒரே துண்டு. அகலம் சுமார் 20 செ.மீ., நம் சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது. தாலமி வம்சத்தார் எகிப்தை ஆண்ட காலத்து வேலை என்பார்கள். கல்லின் வெளுத்த அடுக்கில் உருவங்கள், கறுத்த அடுக்கு பின்னணி. உள்ளே மரத்தடியில் ஒரு கிழவர். நைல் நதியே அவர்தான் என்று ஒரு விளக்கம் உண்டு. வெளிப்புறம் கிரேக்கக் கதையில் வரும் பாம்புத்தலை மெதூசா. தேய்ப்பு ஒரு நூல் கூடினால் அடுக்கு போச்சு. ‘குயவனுக்கு ஆறு மாசம், தடிகாரனுக்கு அரை நாழிகை’ என்று என் பாட்டி சொல்லும். இந்தக் கல்லுக்கு எத்தனை ஆறு மாசமோ!

1471இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்தை ஆட்டிவைத்த மெதிச்சி குடும்பத்து லொரென்சோ இதை ரோமில் வாங்கினார். 1492இல் அவர் இறந்தபின் எடுத்த சொத்துக் கணக்கில் இதன் மதிப்பு 10,000 ஃபுளோரின், அந்த ஊர்த் தங்கக் காசு. மெதிச்சி வீட்டு விதவை மார்கரெட் மறுமணம் செய்துகொண்டபோது, சீர் போனமாதிரி ஃபர்னேசே குடும்பத்துக்குப் போனது. பிறகு எலிசபெட்டா ஃபர்னேசேயின் மகன் சார்லஸ் நேப்பிள்ஸுக்கு ராஜாவாக, அம்மா வழிச் சொத்தாக அங்கே வந்துசேர்ந்தது.

சரி, இனிமேல்தான் கதை. 1925. போர், கொள்ளை, அரசியல் எல்லாம் தாண்டிய கிண்ணம் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. காவலுக்கு ஆள் இருக்கிறார். திருடன் வந்தானா? இல்லை. தீ பிடித்ததா? அதுவும் இல்லை. காவலரே கையில் ஒரு குடையோடு வந்தார்! மழைக்குப் பிடிக்கிற குடைதான் ஐயா. என்ன கோபமோ, ஓங்கி ஒரே போடு. பெட்டியும் போச்சு, கிண்ணமும் போச்சு. ராஜாக்கள் கைபடாமல் காத்த பொருள், குடைக்குத் தப்பவில்லை. குயவனுக்கு ஆறு மாசம், தடிகாரனுக்கு அரை நாழிகை! பின்னால் ஒட்டிச் சேர்த்தார்கள். அந்த வேலையைப் பற்றித் தனியாக ஒருநாள் பேசுகிறேன், தலைவர் அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார்.

அந்தக் காவலரை யாரும் திட்ட வேண்டாம். நம்மூர் அருங்காட்சியகக் காவலரைப் பாருங்கள். பன்னிரண்டு மணி நேரம், ஒரே ஸ்டூல், ஒப்பந்தச் சம்பளம். சாப்பிடப் போனால் மாற்று ஆள் கிடையாது. அவரிடமும் ஒரு குடை இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது காவலர் கேட்டு எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்துக்கான இடத்தைத் தலைவர் அம்மாவுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன். பேனாவும் கொண்டுவந்திருக்கிறேன்.