நீர்மருதின் உச்சியில் ஒரு முட்டை

(மசினகுடியில் ஜீப் ஓட்டுநர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

அன்பு நண்பர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓட்டுநர் அண்ணன்மார்களே, வணக்கம்.

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வருகிறவர் உங்களிடம் முதலில் கேட்பது என்ன? "ஆறு எங்கே? குளிக்கலாமா?" அவர்மீது எனக்குக் கோபமில்லை. மாயாற்றங்கரையைப் பார்த்த யாருக்கும் காலை நனைக்கத்தான் தோன்றும். வெள்ளம் வடிந்த படுகையில் வண்டல் படிந்து புல் தளிர்த்திருக்கும். வழவழப்பான வெளிர்ந்த அடிமரத்தோடு நீர்மருதுகள் ஓங்கி நிற்கும். சுற்றியுள்ள காடெல்லாம் முள்ளும் சருகுமாகக் காயும் பங்குனியில், யானையும் மானும் அந்தப் பச்சையை நம்பித்தான் இறங்கி வருகின்றன.

அந்த நீர்மருதைப் பற்றித்தான் பேச வந்தேன். அதன் உச்சியில் வெண்முதுகுப் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகு கூடு கட்டுகிறது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்னும் வலி மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியே நாடெங்கும் பாறுகளைக் கொன்று குவித்தது. 2006இல் கால்நடைகளுக்கு அது தடை செய்யப்பட்டது. தப்பிய பறவைகளுக்குத் தமிழ்நாட்டில் முக்கியப் புகலிடம் இந்த மாயாற்றுப் பள்ளத்தாக்கு. ஓர் இணை ஒரு பருவத்தில் இடுவது ஒரே ஒரு முட்டை. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும், குஞ்சு வளர்க்கும். எப்போது தெரியுமா? கிறிஸ்துமஸ், பொங்கல் என்று நாம் விடுமுறையில் திரண்டு வரும் அதே மாதங்களில்! நாம் தேடும் நிழலும் அதே மரத்தடி. கீழே ஒலிபெருக்கி அலறி, மேலே டிரோன் சுற்றினால் அடைகாக்கும் பறவை எழுந்து போய்விடும். கூடு வெயிலில் கிடக்கும்.

ஒருமுறை வனத்துறையினரோடு கரையோரம் நடந்தேன். பாறைமேல் காய்ந்த எச்சம். குச்சியால் கிளறினால் மீன் செதில்கள், நண்டு ஓட்டுத் துணுக்குகள். நீர்நாய் வந்துபோன தடம். இரண்டடி தள்ளி உடைந்த மது பாட்டில். யானையின் உள்ளங்கால் மெத்தென்றது, நண்பர்களே. அதில் கண்ணாடி ஏறிச் சீழ் பிடித்தால், அந்த உடம்பைச் சுமந்து அது எவ்வளவு தூரம் நடக்கும்?

நமக்கும் ஆபத்து உண்டு. ஆற்றின் மேல்பகுதியான பைக்காராப் பக்கம் மழை கொட்டினால், இங்கே வெயில் காயும்போதே தெப்பக்காட்டில் தண்ணீர் ஏறும்.

அண்ணன்மார்களே, வரும் பொங்கலுக்கு "கீழே இறங்கி ஒரே ஒரு படம்" என்று யாராவது கெஞ்சினால் மறுத்துவிடுங்கள். வண்டியின் எஞ்சினை அணைக்கக்கூடிய இடத்தில் அணைத்து, வானத்தைக் காட்டுங்கள். இறக்கையை அசைக்காமல் பாறு வட்டமிடுவதை அவர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தே பார்க்கட்டும்.