சாட் எங்கே இருக்கிறது?

எல்லோருக்கும் வணக்கம். வந்ததும் வராததுமாக ஒரு வேலை கொடுக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கண்ணை மூடி மனதுக்குள் ஆப்பிரிக்காவை வரைந்து பாருங்கள். வரைந்தாயிற்றா? சரி, அதில் சாட் என்ற நாடு எங்கே?

சிரிக்கிறீர்கள். நாம் எல்லோரும் வரைபடத்தில் புள்ளி வைத்து, பெயர் எழுதி, முழு மதிப்பெண் வாங்கியவர்கள்தான். தேர்வு முடிந்த அன்றே பாதி மறந்துபோனது. நம் பிள்ளைகளுக்கு அப்படி ஆகாமலிருக்க, வரைபடத்தை விளையாட்டாகக் கற்றுக்கொடுப்பது பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்றொருவர் இருந்தார். வரைபடம் செதுக்குவது அவர் தொழில். வரைபடத்தை மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோட்டிலேயே அறுத்து, பிள்ளைகள் சேர்த்து விளையாடட்டும் என்று விற்றார். இன்று நாம் ஜிக்சா என்று சொல்வதற்கு முன்னோடி அதுதான். எல்லைக்கோட்டில் அறுத்தார் என்பதைக் கவனியுங்கள். இன்றைக்குக் கிடைக்கும் பல வரைபடப் புதிர்களில் துண்டுகள் கோணல்மாணலாக, காதும் மூக்கும் வைத்து இருக்கும். பிள்ளை அந்தக் காதைத்தான் பார்க்கிறது, நாட்டைப் பார்ப்பதில்லை. படத்தில் யானை இருந்தாலும் அது அதே வேகத்தில் சேர்த்துவிடும்! ஸ்பில்ஸ்பரியின் புதிரில் துண்டின் வடிவமே நாட்டின் வடிவம், கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்காமல் வேலை நடக்காது.

செலவே இல்லாத விளையாட்டு வேண்டுமா, விடுகதை போடுங்கள். "எனக்குக் கடல் கிடையாது. வடக்கே லிபியா, கிழக்கே சூடான். நான் யார்?" சாட்தான் விடை. ஒரு பிள்ளை "நைஜர்" என்று கத்தும். உடனே தப்பு என்று சொல்லி உட்கார வைத்துவிடாதீர்கள், ஏனென்றால் நைஜருக்கும் கடல் இல்லை, அதற்கும் லிபியாவோடு எல்லை உண்டு, அந்தப் பிள்ளை இரண்டு குறிப்பைச் சரியாகப் பிடித்து மூன்றாவதில்தான் வழுக்கியிருக்கிறது. "அப்போ சூடான்?" என்று மட்டும் கேளுங்கள், விரல் தானாக ஒரு நாடு கிழக்கே நகரும். பல கணினி விளையாட்டுகள் இந்த இடத்தில் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு அடுத்த கேள்விக்கு ஓடிவிடுகின்றன. எத்தனை கிலோமீட்டர் தள்ளித் தொட்டாய் என்று காட்டும் விளையாட்டு எனக்குப் பிடிக்கும், தவறு எவ்வளவு பெரியது என்பதும் பிள்ளைக்குத் தெரியவேண்டும் இல்லையா?

அப்புறம் கிரீன்லாந்து. மெர்கேட்டர் என்ற வரைபட வல்லுநர் 1569இல் கொடுத்த வரைபட முறையில் அது ஏறக்குறைய ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும், உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் பதினான்கு மடங்கு. இதை வாயால் சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். உலக உருண்டைமேல் மெல்லிய தாளை வைத்துக் கிரீன்லாந்தை வரைந்து வெட்டி, அதே உருண்டையில் ஆப்பிரிக்காவின்மேல் ஒட்டச் சொல்லுங்கள், முகத்தைப் பாருங்கள்.

பேச்சு போதும். இதோ, உலக வரைபடம் அச்சடித்த காற்றுப்பந்து. பிடிப்பவர் வலது ஆள்காட்டி விரல் நிலத்திலா கடலிலா என்று சொல்லவேண்டும், நூறு முறை எறிந்து எண்ணினால் எழுபது சொச்சம் கடல் வரவேண்டும். கடைசி வரிசை, பிடியுங்கள்!