செருப்பைக் கழட்டிட்டு வா

நடுவர் அவர்களுக்கு வணக்கம். இரண்டு அணிக்கும், செல்லூர்த் தெருவை அடைத்துப் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற உங்களுக்கும் வணக்கம், பொங்கல் வாழ்த்துகள். மணியடிக்கிறவர் கையை மணி மேலேயே வைத்திருக்கிறார். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போரில் பாழான தாயகத்தை மீட்ட பிறகு, திரும்பிப் போய்க் குடியேறுவதா, அடைக்கலம் தந்த மண்ணிலேயே வேர்விடுவதா? இதுதான் தலைப்பு. நம் தெருப் பசங்க வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் வருகிற கில்னியஸ் என்ற நாட்டை வைத்துப் பேசச் சொன்னார்கள். போய்க் குடியேற வேண்டும் என்பது எங்கள் அணி.

விளையாட்டைப் பார்க்காத அம்மாக்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கில்னியஸின் ராஜா கென் கிரேமேன். வெளியுலகச் சண்டையே வேண்டாம் என்று நாட்டுக்குக் குறுக்கே பெரிய மதில் கட்டிக்கொண்டவர். மதிலுக்கு வெளியே மாட்டிக்கொண்ட சொந்தக் குடிகளைக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே ஓநாய்ச் சாபம் பிடித்தது, மனிதர்கள் ஓநாய் உருவம் ஆனார்கள். அதோடு சில்வானஸ் என்ற ராணி, செத்தும் சாகாத தன் படையோடு வந்து இறங்கினாள். அவள் விட்ட அம்பு ராஜாவுக்குக் குறிவைத்தது. மகன் லியம் குறுக்கே பாய்ந்து அதைத் தன் மேல் வாங்கிக்கொண்டான். பிள்ளையை அந்த மண்ணில் புதைத்துவிட்டுக் கப்பலேறினார் அப்பா. இதெல்லாம் 2010-ல் வந்த கதை. அதன் பிறகு 13 வருடம் கில்னியஸ் நகரம் சும்மா கிடந்தது. விளையாடுகிறவர்கள் உள்ளே போய்ச் சுற்றலாம். தெரு இருக்கும், வீடு இருக்கும். ஒரு ஆள் இருக்காது.

இப்போது எதிரணித் தம்பி சொன்னதற்கு வருகிறேன். நன்றாகப் பேசினார், நீங்களும் கைதட்டினீர்கள். அவர் சொன்னது இது: "இந்த அணி போகாத ஊருக்கு வழி கேக்குது. அது என்னய்யா ஊரு? கரண்ட் போனா காணாமப் போற ஊரு!"

கரண்ட் போனால் காணாமல் போகிற ஊர். நல்ல வரி தம்பி. ஆனால் அந்த வரி என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது தெரியுமா? என் அப்பத்தாவிடம்.

என் அப்பத்தா பிறந்ததும் வாக்கப்பட்டதும் ஆண்டிபட்டிப் பக்கம் ஒரே ஊரில். அந்த ஊர் இப்போது வைகை அணைக்குள் இருக்கிறது. 1959-ல் அணை திறந்தார்கள். 71 அடி தண்ணீர் நிற்கிற இடம் அது. அந்தத் தண்ணீரால்தான் நாம் எல்லோரும் சோறு தின்கிறோம், நான் அணையைக் குறை சொல்ல வரவில்லை. வண்டி கட்டி, பாத்திரம் பண்டம் ஏற்றி, கைப்பிள்ளையாக இருந்த என் அப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்பத்தா மதுரைக்கு வந்தாள். இதே செல்லூரில் தறிச்சத்தத்துக்கு நடுவில் 40 வருடம் வாழ்ந்தாள். நன்றாகத்தான் வாழ்ந்தாள்.

கோடையில் அணை வற்றினால் மட்டும் அவளைப் பிடிக்க முடியாது. எனக்குப் பத்து வயது இருக்கும். "வாடா, ஊருக்குப் போயிட்டு வருவோம்" என்று பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள். இறங்கி நடக்கிறோம், நடக்கிறோம். கண்ணுக்கு எட்டின மட்டும் வெடிச்ச வண்டல். அங்கங்கே முள்ளுச்செடி, நத்தை ஓடு. எனக்கு ஒரு ஊரும் தெரியவில்லை. அப்பத்தா கடைத்தெருவில் நடக்கிற மாதிரி நடக்கிறாள். "இது செட்டியார் கடை. இது மந்தை. இந்தப் பக்கம் வராத, முள்ளு வேலி இருக்கும்." வேலி எங்கே இருக்கிறது? முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நானும் ஒதுங்கித்தான் போனேன்.

ஒரு இடத்தில் நின்றாள். தரையோடு தரையாக ஒரு நீளக் கல். பக்கத்தில் ஆட்டுக்கல்லின் விளிம்பு மட்டும் தெரிந்தது. நான் ஓடிப்போய் அந்த நீளக் கல்லை ஒரே தாண்டாகத் தாண்டினேன். அப்பத்தா போட்டாள் ஒரு சத்தம்:

"எலே! செருப்பக் கழட்டிட்டு வாடா! வீட்டுக்குள்ள வார!"

பெரியவர்களே, கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கூரை இல்லை. சுவர் இல்லை. கதவு இல்லை. நிலையைக்கூடப் பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். நாலு பக்கமும் காய்ந்த சேறு. அதில் என்னைச் செருப்பைக் கழட்டச் சொன்னாள்! நான் கழட்டினேன். உச்சி வெயில், கால் கொப்பளிக்கிறது. அவளும் கழட்டினாள். இரண்டு ஜோடிச் செருப்பையும் அந்தக் கல்லுக்கு வெளியே ஒழுங்காகச் சேர்த்து வைத்தாள். உள்ளே போய் ஆட்டுக்கல் பக்கத்தில் உட்கார்ந்து, குழிக்குள் அடைந்திருந்த வண்டலை விரலால் தோண்டித் தோண்டி எடுத்து, முந்தானையால் துடைத்தாள்.

"அப்பத்தா, இத வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவமா?" என்றேன்.

"கல்லத் தூக்கிருவடா. அடுப்படிய எப்பிடித் தூக்குவ?"

அடுத்த வருடம் நல்ல மழை. கோடையிலும் தண்ணீர் கிடந்தது. போக வேண்டாம் என்று அப்பா சொன்னார், அவள் கேட்கவில்லை. கரையில் போய் நின்றோம். எதிரே கடல் மாதிரித் தண்ணீர். ஊரும் இல்லை, கல்லும் இல்லை. அப்பத்தா கரையிலேயே செருப்பைக் கழட்டிவிட்டு நின்றாள். என்னைப் பார்த்தாள். நானும் கழட்டினேன்.

தம்பி, உங்கள் ஊர் கரண்ட் போனால் காணாமல் போகும். என் அப்பத்தா ஊர் தண்ணி வந்தால் காணாமல் போகும். இரண்டும் ஊர்தான். சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்க அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுகிறார்களே, நாமெல்லாம் ஆற்றுக்குள் நின்று சர்க்கரைச் சொம்போடு கும்பிடுகிறோமே, அப்போது அப்பத்தா ஆள்விட்டு ஆள் கூப்பிட்டுச் சொல்வாள்: "என் வீட்டு மேல கெடந்த தண்ணியிலதான்டா சாமி எறங்குது!" செல்லூரில் வீடு இருந்தது, ரேஷன் கார்டு இருந்தது, பேரன் பேத்தி இருந்தது. "என் வீடு" என்று அவள் சொன்னது எதை?

எதிரணி அக்கா ஒரு நியாயமான கேள்வி கேட்டார், அதைத் தாண்டிப் போக மாட்டேன். அடைக்கலம் தந்த இடம் பத்திரமாக இருக்கும்போது இடிந்த ஊர் எதற்கு என்றார். அக்கா, கில்னியஸ் அகதிகளுக்கு அடைக்கலம் தந்தது டெல்ட்ராசில் என்ற பெரிய மரம். மரத்தின் மேலேயே ஊர். 2018-ல் அதுவும் எரிந்தது. எரித்ததும் அதே சில்வானஸ். ஒரே மக்கள், இரண்டு தடவை வீடு இழந்தார்கள். அடைக்கலம் தந்தவர்களுக்கு ஆயுசுக்கும் நன்றி சொல்ல வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பத்திரம் என்ற சொல்லை அவ்வளவு சுலபமாக எடுத்துப் போடாதீர்கள்.

மதில் கட்டி மக்களைப் பிரித்த ராஜாவின் ஊரை மறுபடி கட்டுவதா என்றும் கேட்டீர்கள். திரும்பிப் போகிறவன் மதிலையும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று யார் சொன்னது? நம் மதுரையைச் சுற்றி இருந்த கோட்டையை 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடிக்கச் சொன்னார். அகழியை மூடினார்கள். அங்கேதான் இன்று வெளி வீதிகளும், மாரட் வீதியும், பெருமாள் மேஸ்திரி வீதியும். சுவர் போனது, ஊர் வளர்ந்தது. அதற்கும் முன்னால் 1311-ல் மாலிக் காபூர் படை வந்து சூறையாடிய ஊர் இது. கண்ணகி எரித்ததாகக் காலகாலமாகச் சொல்லிக்கொள்கிற ஊரும் இதுதான். ஒவ்வொரு தடவையும் யாரோ நாலு பேர் திரும்பி வந்து சாம்பலைக் கூட்டியிருக்கிறார்கள். அவர்கள் வரவில்லை என்றால் இன்றைக்கு நாம் எந்த ஊரில் பட்டிமன்றம் போடுவது?

சரி, கில்னியஸை எப்படி மீட்டார்கள்? ஸ்கார்லெட் குரூசேட் என்ற மதவெறிக் கூட்டம் காலி ஊரில் புகுந்துகொண்டது. அதை விரட்டும்போது கென் கிரேமேனோடு தோள் சேர்ந்து நின்றவர்கள் யார் தெரியுமா? ஊரை அழித்த அதே செத்தும் சாகாத கூட்டத்தார். சில்வானஸ் அப்போது அவர்களோடு இல்லை. ராஜா பல்லை நறநறவென்று கடித்தார். இருந்தாலும் ஒத்துக்கொண்டார். மீட்டதும் கிரீடத்தை மகள் டெஸ்ஸிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். தம்பி, இதைக் கிழவர்களின் ஏக்கம் என்றீர்களே. ஊரை இப்போது நடத்துவது கிழவன் இல்லை, பெண்பிள்ளை.

இந்தக் கதை விளையாட்டில் வந்த தேதி 2024 ஜனவரி 16. நமக்கு மாட்டுப் பொங்கல், பாலமேட்டில் வாடிவாசல் திறந்த நாள். அந்த வாரத்தில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். என் கூட்டாளி ஒருவன், ஆனையூர் முகாமில் பிறந்தவன். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இங்கே சொல்கிறேன். அவன் அப்பா அம்மா 1990-ல் கிளிநொச்சிப் பக்கமிருந்து படகில் வந்து, மண்டபம் முகாமில் பதிந்து, அப்புறம் இங்கே வந்தவர்கள். 2021-ல் அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மாற்றி மறுவாழ்வு முகாம் ஆக்கியது. அந்த அறிவிப்பு வந்த அன்றைக்கு எனக்கு போன் போட்டு, பேசாமல் ரொம்ப நேரம் லைனில் இருந்தவன் அவன்.

மொபைல் சர்வீஸ் கடையில் வேலை. பழைய பாகங்களை வாங்கித் தானே சேர்த்த கம்ப்யூட்டர். அதில் ராத்திரி அந்தக் காலி நகரத்துக்குள் போய் நடப்பான். சண்டை இல்லை, காசு சேர்ப்பதில்லை. சும்மா தெருத்தெருவாக நடப்பான். "ஏன்டா ஆளில்லாத ஊர்ல சுத்துற?" என்று நானே திட்டியிருக்கிறேன். எங்க அப்பா சொல்ற ஊர் இப்படித்தான்டா இருக்கும் என்பான்.

அந்த வாரம் அவன் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஊரை மீட்கிற கட்டம் முடிந்தது. தெருவில் ஒவ்வொருவராக ஆள் தெரிய ஆரம்பித்தார்கள். அவன் அப்பா பெயிண்ட் வேலை முடித்து அப்போதுதான் உள்ளே வந்தார். முழங்கை வரைக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு. நின்றபடியே திரையைப் பார்த்தார். என்ன கதை என்று கேட்டார். சண்டையில போன ஊருப்பா, இப்பத் திரும்பக் கிடைச்சிருச்சு என்றான்.

அவர் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். கை அழுக்காக இருக்கிறது என்று பின்னால் கட்டிக்கொண்டார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"சனமெல்லாம் வந்திட்டுதோ?"

"வந்துட்டாங்கப்பா."

"கிணறு இருக்கோ எண்டு பார்."

இவன் ஒவ்வொரு தெருவாகத் தேட ஆரம்பித்தான். அவர் நகரவே இல்லை.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டது. நன்றி, வணக்கம்.