ஒரே ஆள், நான்கு தாளம்

நேயர்களுக்கு வணக்கம்.

அருகில் மேசை இருந்தால் வலது கையால் அதில் சீராகத் தட்டுங்கள். அது நிற்காமல் ஓடும்போதே இடது கையால் வேறொரு கணக்கில் தட்டிப் பாருங்கள். சற்று நேரத்தில் இரண்டு கைகளும் ஒன்றாகிவிடும். இரண்டு கைகளோடு இரண்டு கால்களையும் தனித்தனி வழியில் அனுப்பிவிட்டு, பதறாமல் அமர்ந்து வாசித்த ஒருவரைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். அவர் டோனி ஆலன்.

1940இல் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பிறந்தவர். தந்தை யொரூபா இனத்தவர், தாய் கானா வழி வந்தவர். வானொலித் தொழில்நுட்பப் பணியாளராக இருந்துகொண்டே பதினெட்டு வயதில் தாமாக டிரம்ஸ் பழகினார். இந்த ஒலிவாங்கியின் முன் அமர்ந்து அதைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

அப்போது லாகோஸின் நடன விடுதிகளில் ஒலித்தது ஹைலைஃப். கானாவில் பிறந்து, கிதாரும் ஊதுகருவிகளுமாகப் பரவிய துள்ளல் இசை அது. ஆலனின் காது ஆர்ட் பிளேக்கி, மாக்ஸ் ரோச் என்ற அமெரிக்க ஜாஸ் டிரம்ஸ் மேதைகளிடமும் போனது. ஹை-ஹாட் பற்றி ரோச் ஓர் இதழில் சொல்லியிருந்ததைப் படித்துப் பயின்றார். ஹை-ஹாட் என்பது ஒன்றையொன்று பார்த்திருக்கும் இரண்டு தாளத்தட்டுகள். இடது காலால் மிதித்தால் மூடும், விட்டால் திறக்கும். உடன் வாசித்தவர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளாத அந்த மிதியை ஆலன் ஒரு குரலாகவே ஆக்கிக்கொண்டார்.

யொரூபா மேளக்குழுவில் ஒருவர் மட்டும் வாசிப்பதில்லை. 'இயா இலு' என்னும் தாய் மேளம் பேசும், மற்ற மேளங்கள் தத்தம் அடியை விடாமல் பிடித்திருக்கும். பேசும் என்று சொன்னது உவமை அல்ல. யொரூபா மொழியில் ஒலியின் ஏற்ற இறக்கத்தால் பொருள் மாறும். அதனால் மேளத்தாலேயே பழமொழி சொல்லிவிடலாம். அப்படிப்பட்ட ஒரு குழுவையே ஆலன் ஓர் இருக்கையில் அமர்த்தினார் என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய மேளத்துக்கு ஜாஸ் முலாம் பூசினார்கள் என்று சிலர் எழுதும்போது மனம் ஒப்புவதில்லை. அடிமைகளாகக் கடல் கடத்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் வளர்த்த இசையல்லவா ஜாஸ்? அது தாய்வீட்டுக்குத் திரும்பி வந்தது.

1964இல் ஆலனைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டவர் நைஜீரியப் பாடகர் ஃபெலா குட்டி. லண்டனில் முறையாக இசை படித்தவர். 1969இல் குழு அமெரிக்கா சென்றது. அங்கே கறுப்பின விடுதலை அரசியல் ஃபெலாவை உலுக்கியது. ஊர் திரும்பியபின் ஹைலைஃப், ஜாஸ், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் நடன இசையான ஃபங்க், யொரூபாத் தாளம் எல்லாம் சேர்ந்து முழு உருக்கொண்ட இசைக்கு ஆஃப்ரோபீட் என்று பெயர். பாடல்கள் பத்துப் பதினைந்து நிமிடம் நீளும், ஃபெலாவின் குரலுக்கே பல நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். ராக் டிரம்மர் ஜிஞ்சர் பேக்கரும் இந்த இசையைத் தேடி லாகோஸுக்கு வந்தார்.

படைவீரர்களைச் சாடி ஃபெலா பாடிய பாடலின் விலை பெரிது. 1977 பிப்ரவரியில் ராணுவத்தினர் ஃபெலாவின் வீட்டைத் தாக்கி எரித்தார்கள். அவருடைய வயதான தாயை ஜன்னலிலிருந்து தூக்கி வீசினார்கள். மறு ஆண்டு அந்தத் தாய் இறந்துபோனார். இதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1979இல் ஆலன் குழுவிலிருந்து விலகினார். அவர் இடத்தை நிரப்ப நான்கு டிரம்மர்கள் வேண்டியிருந்தது என்பார்கள். 2017இல், எழுபது வயதைக் கடந்தபின், தம் இளமைக்கால மானசீக ஆசான் பிளேக்கிக்குக் காணிக்கையாக ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். 2020 ஏப்ரலில் பாரிஸில் காலமானார்.

அடுத்து நீங்கள் கேட்கப்போவது 1975இல் வெளியான, தண்ணீருக்குப் பகைவர் இல்லை என்று சொல்லும் ஃபெலாவின் பாடல். ஊதுகருவிகளைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். பின்னால் மெல்லத் திறந்து மூடுகிறதே, அந்த இடது காலைக் கேளுங்கள்.