பாட்டியைக் கேட்காமல் காட்சியறை வேண்டாம்

(மலேசியாவின் சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, வாசலிலேயே நின்று கேட்கும் தம்பிகளே, வணக்கம்.

நம் தமிழ்ப்பள்ளியில் அமையப்போகும் தோட்டக் காட்சியறை பற்றித்தான் பேச வந்தேன். அதற்கு முன் பக்கத்து நாட்டுக் கதை ஒன்று. சிங்கப்பூரின் வடகிழக்கில் புலாவ் ஊபின் என்றொரு தீவு. கருங்கல் உடைத்துப் பிழைத்த ஊர். சிங்கப்பூரையும் மலேசியாவையும் இணைக்கும் ஜொகூர் கடற்பாலம் கட்ட அங்கிருந்தும் கல் போனது. கல்லுடைப்பு நின்றதும் சனம் தீவை விட்டுப் போய்விட்டது. இன்று மிஞ்சியிருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான், பெரும்பாலும் வயதானவர்கள்.

2013இல் அவர்களுக்கு ஒரு கடிதம் வந்தது. தலைப்பிலேயே நிலத்தைக் காலி செய்யும் திட்டம் என்று இருந்தது. அது எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியாதா? ரப்பர் தோட்டம் கைமாறியபோது நம் லயத்து வரிசை வீடுகளின் வாசலுக்கும் வந்ததுதானே. அங்கே பெரிய சலசலப்பு. யாரையும் வெளியேற்றும் எண்ணம் இல்லை என்று அரசு விளக்கம் சொன்னது. 2014இல் ஊபின் திட்டத்தைத் தொடங்கி, தீவுக்காரர்களையும் இயற்கை ஆர்வலர்களையும் ஆய்வாளர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்கள். பழைய கம்பத்து, அதாவது கிராமத்து, வீடுகளைச் செப்பனிடும் வேலையும் நடந்தது. அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆள் குறைவது நிற்கவில்லை.

சரி, நம் கதைக்கு வருவோம். தமிழ்ப்பள்ளியில் ஓர் அறையைத் தோட்டக் காட்சியறை ஆக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. நல்ல விஷயம். ஆனால் யார் செய்வது? நான் பார்த்த ஒரு காட்சியறையில், பால்மரம் வெட்டும் பொம்மைக்குச் சலவை கலையாத சேலை. பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தை வெட்டுக்கோட்டின் மேல்முனையில் மாட்டியிருந்தார்கள். கோடு இடது மேலிருந்து வலது கீழாகச் சரியும். பால் கீழ்முனைக்குத்தான் வடியும். பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் பேர் கூப்பிடும் இடத்துக்கு, போய் நின்ற எந்தப் பாட்டியும் ஒரு பார்வையில் சொல்லியிருப்பார். அவரை யாரும் கேட்கவில்லை.

அதனால் காட்சியறைக் குழுவில் பாதிப்பேர் தோட்டத்தில் வேலை செய்தவர்களாக இருக்கட்டும். பேட்டி எடுத்து, பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவது கூட்டு முயற்சி ஆகாது. எதை மாட்டுவது, எதை மாட்டக்கூடாது என்பதையும் அவர்களே சொல்லட்டும். கள்ளுக்கடையை மறைக்கச் சொன்னால் மட்டும் நான் கொஞ்சம் வாதாடுவேன். எங்கள் தாத்தா கோவித்துக்கொள்வார்.

வரும் ஞாயிறு காலை பழைய படங்களோடு இங்கே வாருங்கள். வாங்கி வைத்துக்கொள்ள மாட்டோம்; போனில் படம் எடுத்துக்கொண்டு கையோடு திருப்பித் தருவோம். படத்தில் நிற்பவர்களின் பெயர் தெரிந்த பெரியவர் ஒருவரையும் கூட்டி வாருங்கள். நடக்க முடியாதவர்கள் இருந்தால் செயலாளரிடம் சொல்லுங்கள், வேன் வரும்.