மலிவு வாளுக்குப் புதுப் பிடி: கடகடச் சத்தத்தை அடக்குன கதை

வணக்கம் மக்களே. முதல்ல இந்தச் சத்தத்தைக் கேளுங்க. மைக் பக்கத்துல வச்சு ஆட்டுறேன்... கடகடன்னு கேக்குதா? மலிவா வாங்குன வாள். அலகு நல்ல ஸ்பிரிங் ஸ்டீல்தான், பிடிதான் சொதப்பல்.

பிடியோட கடைசி முனையில இருக்குற குமிழ் மரையில மாட்டியிருந்துச்சு, திருகினதும் வந்துருச்சு. பிடியை எபாக்ஸி பசை வச்சு ஒட்டியிருந்தாங்க. கொதிக்கிற தண்ணிய மேல ஊத்தி ஊத்தி இளக்கினேன். டார்ச் நெருப்பு மட்டும் காட்டிறாதீங்க, அலகோட டெம்பர், அதாவது சூடுபடுத்திப் பதப்படுத்துன உறுதி, இறங்கிரும். ஆங், அலகு முழுக்க டேப் சுத்திட்டுத்தான் எல்லாமே. வைஸ்ல கடிக்க விடும்போது ரெண்டு பக்கமும் மரக்கட்டை.

இப்ப இதைப் பாருங்க, பிடிக்குள்ள போற காம்பு. சில வாள்ல பென்சில் கனத்துக்கு ஒரு கம்பியை அலகோட வெல்டிங் வச்சு விட்டிருப்பாங்க. அப்படி இருந்தா சுவத்துல மாட்டி அழகு பாருங்க, வீசாதீங்க. வெல்டிங் விட்டுச்சுன்னா அலகு தனியாப் பறக்கும். நல்லவேளை, நம்மளது ஒரே இரும்பு. ஆனா அலகும் காம்பும் சேர்ற மூலை கத்தி வெட்டுன மாதிரி நேரா இருந்துச்சு. விரிசல் அங்கதான் ஆரம்பிக்கும். உருண்டை அரத்தால அந்த மூலையை வளைவாக்கிட்டேன்.

அடுத்து கைக்காப்பு, அதான் அலகுக்கும் பிடிக்கும் நடுவுல குறுக்க நிக்கிற தகடு. 6 மில்லிமீட்டர் பித்தளைத் தகடு. வரிசையா ஓட்டை போட்டு, அரத்தால ராவி, காம்பு நுழையுற நீள ஓட்டையா ஆக்கணும். முதல் தகட்டுல அவசரப்பட்டு அதிகமா ராவிட்டேன், தொளதொளன்னு ஆயிருச்சு. அது குப்பைக்குப் போச்சு.

ரெண்டாவதுல புத்தி வந்துச்சு. காம்பை மெழுகுவத்திப் புகையில காட்டிக் கரி பிடிக்க விட்டேன். தகட்டை மாட்டி உருவினா, எங்க உரசுதோ அங்க கரி ஒட்டியிருக்கும். அந்தப் புள்ளியை மட்டும் ரெண்டு இழுப்பு. மறுபடி கரி, மறுபடி மாட்டு. ஒரு சாயங்காலம் முழுக்க இதே வேலை. கடைசி நூலளவுக்குக் குழாய் வச்சுத் தட்டித்தான் இறக்கினேன். இறுக்கமா உக்காந்துருச்சு.

பிடிக்கு மரம். ரேகை நீளவாக்குல ஓடணும், குறுக்க ஓடினா பிளந்துரும். ரெண்டு பாதியா அறுத்து, உள்ள காம்பு அளவுக்கு உளியால குடைஞ்சு, ஒட்டி, மேல நூல் சுத்தினேன். அதுக்கு மேல நனைச்ச தோல். தோல் காயுற வரைக்கும் மறுபடி கயிறு சுத்தி வச்சிருந்தேன், அதான் இந்த வரிவரியான பிடிமானம்.

புதுக் குமிழ் கொஞ்சம் கனம் கூட. வாளை ஒரு விரல் மேல வச்சா சாயாம நிக்கிற சமநிலைப் புள்ளி முன்னாடி கைக்காப்புல இருந்து அலகுப் பக்கம் ஒரு சாண் தள்ளி இருந்துச்சு, இப்ப நாலு விரக்கடையில நிக்குது.

மறுபடி ஆட்டுறேன்... ஃபேன் சத்தம் மட்டும்தான? கைக்காப்புல இந்த இடது பக்கம் மட்டும் ஒரு மயிரிழை இடைவெளி தெரியும். நீங்க கண்டுபிடிக்கிறதுக்குள்ள நானே சொல்லிட்டேன்.