பழைய பாதைகளை ஏன் கலைக்கிறார்கள்? நேயரின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: “டெபியன் 12-ஐப் புதிதாக நிறுவினால் ‘/பின்’ வெறும் சிம்லிங்க்காக இருக்கிறது, ‘இஃப்கான்ஃபிக்’ இல்லை, ‘ஈத்0’ இல்லை, ‘/வார்/லாக்/சிஸ்லாக்’ கோப்பும் இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மரபை எதற்காகக் கலைக்கிறார்கள்?”

டெபியன், லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகை. ‘/பின்’ அடிப்படைக் கட்டளை நிரல்கள் இருக்கும் கோப்புறை; சிம்லிங்க் என்பது வேறிடத்தைச் சுட்டும் குறுக்குவழி. ‘இஃப்கான்ஃபிக்’ நெட்வொர்க் அமைப்புகளைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் கட்டளை, ‘ஈத்0’ நெட்வொர்க் கார்டின் பழைய பெயர், ‘சிஸ்லாக்’ கணினியில் நடப்பவற்றைப் பதியும் கோப்பு. இந்த நான்கையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பது என் கருத்து. ‘/பின்’னிலிருந்து தொடங்குகிறேன். 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் பிடிபி-11 கணினியில், லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளத்தை வளர்த்தபோது, முதல் வட்டில் இடம் போதாமல், பயனர்களின் கோப்புகளுக்கென்று வைத்திருந்த ‘/யூஎஸ்ஆர்’ வட்டில் மீதி நிரல்களை ஏற்றினார்கள். இட நெருக்கடியில் போட்ட கொட்டகை அது. ‘/யூஎஸ்ஆர்’ஐப் பல கணினிகள் நெட்வொர்க் வழியாகப் பகிர்ந்துகொள்ளலாம், அது கிடைக்காத நேரத்தில் ‘/பின்’னை வைத்துக் கணினியைப் பழுதுபார்க்கலாம் என்ற காரணங்கள் பின்னால் வந்தவை, அவையும் பொய்யல்ல, பல ஆண்டுகள் பயன்பட்டன. இன்று லினக்ஸில் அந்த முதலுதவியை, கணினி தொடங்கும்போது நினைவகத்தில் ஏறும் சிறு கோப்பமைப்பான இனிட்ராம்எஃப்எஸ் பார்த்துக்கொள்கிறது. ஆகவே 2012-இல் ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் 17-ஆம் பதிப்பு இரண்டையும் இணைத்தது. டெபியன் 2019-இல் புதிய நிறுவல்களுக்கு அதை இயல்பாக்கி, 2023-இல் வெளிவந்த 12-ஆம் பதிப்பில் கட்டாயமாக்கியது. ஒரே கோப்புக்கு இரண்டு பாதைகள் உண்டு என்பது, டெபியனில் மென்பொருள் தொகுப்புகளை நிறுவும் டிபிகேஜிக்குத் தெரியாததால், கோப்புகள் காணாமல் போகும் ஆபத்தும் இடையில் எழுந்தது; அதைச் சரிசெய்யும் உழைப்பை டெபியன் தொகுப்பாளர்களே சுமந்தார்கள். உங்கள் ஸ்கிரிப்டின் முதல் வரியில், அதை இயக்கும் பாஷ் நிரலின் பழைய பாதையான ‘/பின்/பாஷ்’ என்று எழுதியிருந்தால் அது இன்றும் ஓடும். எங்கள் ஊரின் பெயர் 2006-இல் புதுச்சேரி என்று மாறிய பிறகும், பாண்டிச்சேரி என்று முகவரி எழுதிய கடிதம் இங்கேதான் வந்து சேருகிறது. பல்கலைக்கழகம் இன்னும் பழைய பெயரிலேயே இருக்கிறது.

‘ஈத்0’ விஷயத்தில் உங்கள் கோபத்தில் எனக்கும் பங்குண்டு. இரண்டு நெட்வொர்க் கார்டுகள் உள்ள சர்வரில், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் எதை முதலில் கண்டுகொள்கிறதோ அதற்கு ‘ஈத்0’ என்ற பெயர் போய்விடலாம் என்பதால், கார்டு செருகப்பட்ட இடத்தை வைத்துப் பெயரிடும் முறையை, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் மென்பொருளான சிஸ்டம்டி 2013-இல் கொண்டுவந்தது. ஒரே கார்டு உள்ள கணினிக்கு இதனால் ஒரு லாபமும் இல்லை, ஆனால் விலையை எல்லோரும் கொடுத்தோம். நான் பராமரித்த ஓர் அலுவலக சர்வரைப் புதிதாக நிறுவியபோது, ஃபயர்வால் விதிகளில் ‘ஈத்0’ என்றே எழுதியிருந்ததைக் கவனிக்காமல் விட்டேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. இல்லாத கார்டுக்கு விதிகள் காவல் காத்துக்கொண்டிருந்ததை இரண்டு நாள் கழித்துத்தான் கண்டேன். கவனக்குறைவு என்னுடையதுதான், ஆனாலும் பழைய பெயர் சத்தமில்லாமல் செத்துப்போகும் மாற்றத்தை நல்ல மாற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

‘இஃப்கான்ஃபிக்’ நீங்கியதை நான் எதிர்க்கவில்லை. அதற்குப் பதிலாக வந்த ‘ஐபி’ கட்டளையால் லேபிள் (தனி அடையாளப் பெயர்) இல்லாமல் சேர்க்கப்பட்ட இரண்டாவது முகவரியைப் பழைய ‘இஃப்கான்ஃபிக்’ காட்டாது, பாதி உண்மையைச் சொல்லும் கருவி அது. ஆனால் யூனிக்ஸ் வழிவந்த இன்னொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியை உருவாக்குபவர்கள் அதே பெயரை விடாமல், வைஃபை அமைப்புகள் உட்பட எல்லாவற்றையும் அந்தக் கட்டளைக்குள்ளேயே வளர்த்தெடுத்தார்கள். பெயரைக் காப்பாற்றிக்கொண்டே உள்ளே இருப்பதை மாற்ற முடியும் என்பதற்கு அது சாட்சி.

சிஸ்லாக் கோப்புக்காக வருந்த வேண்டாம், ஆர்சிஸ்லாக் தொகுப்பை நிறுவினால் திரும்பி வந்துவிடும். கார்டின் பெயரை நிலையாக வைக்க, ‘/இடிசி/சிஸ்டம்டி/நெட்வொர்க்’ கோப்புறைக்குள் கார்டின் மேக் முகவரியை (வன்பொருள் அடையாள எண்ணை) குறிப்பிட்டு ஒரு ‘.லிங்க்’ கோப்பு எழுதி, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்துவிடுங்கள். அதில் மறுபடியும் ‘ஈத்0’ என்றே பெயர் வைக்காதீர்கள், கெர்னல் தானாக வைக்கும் பெயரோடு மோதக்கூடும். ‘லேன்0’ போல வேறொன்று போதும்.